வசந்தா டீச்சர் கேட்ட வாக்கியம்

காலை ஆறரை மணிக்குத் தொலைபேசி அடித்தது. எடுத்தவுடன், "சார், எழுமலை பேசறேன். டீச்சர் போயிட்டாங்க" என்றது குரல். அடி அண்ணாமலையில் ஆட்டோ ஓட்டும் எழுமலை என்னிடம் பேசிப் பத்து வருடங்களுக்கு மேல் ஆகியிருந்தது. எந்த டீச்சர் என்று நான் கேட்கவில்லை. எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது ஒரே ஒரு டீச்சர்தான். முதல் நாள் மாலை மூச்சு வாங்குகிறது என்று அவர் சொல்ல, எழுமலைதான் தன் வண்டியில் மருத்துவமனைக்கு அழைத்துப் போயிருக்கிறார். விடிவதற்குள் முடிந்துவிட்டது. "வந்துடுங்க சார்" என்று மட்டும் சொல்லி ஃபோனை வைத்துவிட்டார்.

வசந்தா டீச்சரைத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். தேரடி வீதியில் ஒரு சைக்கிள் கடை மாடியில், ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் அவரும் பெரியவர்களுக்கு ஆங்கிலம் பேசக் கற்றுக்கொடுத்தது உங்களுக்கு நினைவிருக்கும். உங்களில் பாதிப் பேர் அந்தப் படியேறி வந்தவர்கள்தான். அவர் தனியார் பள்ளி ஆசிரியை, நான் அரசுப் பள்ளி ஆசிரியன். தொண்ணூற்று மூன்றில் ஆரம்பித்தோம். லாட்ஜ் வரவேற்பில் உட்காருகிறவர், ஜவுளிக்கடை மூர்த்தி, இரண்டு நர்சுகள், சில ஆட்டோக்காரர்கள் என்று ஒன்பது பேர். பௌர்ணமி ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால் வகுப்பு கிடையாது. அன்றைக்குத்தான் கிரிவலக் கூட்டத்தால் எல்லோருக்கும் வேலை ஜாஸ்தி.

முதல் மாதம் நான் கரும்பலகை நிறையக் கட்டம் போட்டுக் காலங்களை விளக்கினேன். மொத்தம் பன்னிரண்டு கட்டங்கள். என் மனைவியே பாராட்டாத கையெழுத்தை அங்கேயாவது பாராட்டுவார்கள் என்று பார்த்தேன். நான்காவது வாரம் ஒன்பது பேர் நான்கு பேராகிவிட்டார்கள். டீச்சர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அத்தனை கட்டங்களையும் அழித்தார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். அவரோ சாவகாசமாக, "பஸ்ல பக்கத்துல உக்கார்றவங்க நம்மள என்ன கேப்பாங்க சார்? இதுவரைக்கும் என்ன செஞ்சிருக்கீங்க, எங்க, எத்தன வருஷமா. இத இங்கிலீஷ்ல சொல்லத் தெரிஞ்சா போதும், பேச்சு வந்துடும்" என்றார்.

அவருடைய முறை அப்படித்தான் உண்டானது. ஒவ்வொரு வாரமும் ஒவ்வொருவரும் எழுந்து ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். செய்திருக்கிறேன், இருந்திருக்கிறேன் என்று 'ஹாவ்' வைத்துத் தொடங்கி, எங்கே, எப்போதிலிருந்து, யாரோடு என்று 'அட்', 'சின்ஸ்', 'ஃபார்', 'வித்' போட்டு முடிக்க வேண்டும். ஒரே ஒரு நிபந்தனை, சொல்வது உண்மையாக இருக்க வேண்டும். லண்டனுக்குப் போயிருக்கிறேன் என்று மூர்த்தி புத்தகத்தில் இருந்ததை ஒப்பித்தபோது, "எப்ப போனீங்க மூர்த்தி?" என்று விசாரித்தார். போகவில்லை என்று மூர்த்தி நெளிந்தார். "அப்ப போன ஊரச் சொல்லுங்க." மூர்த்தி யோசித்து, கீழ்பென்னாத்தூரில் மாமியார் வீட்டுக்கு நூறு தடவை போயிருக்கிறேன் என்று ஆங்கிலத்தில் சொல்லி முடித்தார். வகுப்பே சிரித்தது. அதன் பிறகு யாரும் வகுப்பைவிட்டு நிற்கவில்லை.

நாலு வருடம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. எழுமலை எழுந்து, 'ஐ ஹாவ் நாட் ஸ்போக்கன் டு மை ஃபாதர் ஃபார் ஃபோர் இயர்ஸ்' என்றார். காதல் கல்யாணம் செய்துகொண்டவர் அவர். நாலு வருடமாக அப்பாவோடு பேச்சில்லை. உட்காரும்போது அவர், "நீங்களும் ஒண்ணு சொல்லுங்க டீச்சர்" என்று மரியாதையாகத்தான் கேட்டார்.

டீச்சரின் கணவர் பம்பாயில் வேலையில் இருப்பதாகத்தான் ஊருக்குத் தெரியும். நானும் அப்படியே நம்பியிருந்தேன். டீச்சர் சாக்பீஸை மேசையில் வைத்தார். 'மை ஹஸ்பண்ட் ஹாஸ் பீன் அவே ஃப்ரம் ஹோம் ஃபார் செவன் இயர்ஸ்' என்றார். ஏழு வருடமாக ஒரு கடிதம்கூட இல்லை, எங்கே இருக்கிறார் என்றும் தெரியாது என்று தமிழில் தொடர்ந்தார். "இது இந்த ரூமுக்குள்ளயே இருக்கட்டும்" என்றார். எல்லோரும் தலையாட்டினோம். நானும் ஆட்டினேன்.

அன்று மத்தியானம் சாப்பிடும்போது என் மனைவியிடம் சொன்னேன். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. பாவம் என்று சொல்லத்தான் ஆரம்பித்தேன். என் மனைவியும் பாவம் என்றுதான் என் தங்கையிடம் சொல்லியிருக்கிறாள். இப்படிப் பாவம் பாவம் என்றே அந்தச் சேதி நாலு தெரு போய்விட்டது. பழியை அவர்கள்மேல் போடப் போவதில்லை. முதலில் வாயைத் திறந்தவன் நான்.

அடுத்த வாரம் எங்கள் தெருவில் ஒரு வளைகாப்பு. கர்ப்பிணிக்குச் சந்தனம் பூசி வளையல் போட, வந்திருந்த பெண்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டிருக்கிறார்கள். டீச்சர் முறை வந்தபோது வளையல் தட்டு அவரைத் தாண்டி அடுத்தவரிடம் போனது. டீச்சர் கையில் எடுத்த சந்தனத்தைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு, சாப்பிட்டுவிட்டே கிளம்பியிருக்கிறார். இதைப் பார்த்த என் மனைவி வீட்டுக்கு வந்து அழுதாள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டேன். அழக்கூட எனக்கு யோக்கியதை இல்லை என்று தெரிந்திருந்தது.

சேதியை வெளியே விட்டது யார் என்று வகுப்பில் விசாரணை நடந்தது. டீச்சர் வருவதற்கு முன்னால் மூர்த்திதான் ஆரம்பித்தார். டீச்சரைச் சொல்லச் சொல்லிக் கேட்டது எழுமலை, ஊர்ப் பெண்களை ஏற்றிக்கொண்டு சுற்றுவதும் எழுமலை, வேறு யாராக இருக்க முடியும் என்றார். எழுமலை என் முகத்தைப் பார்த்தார். வயதில் மூத்தவன், தீர்ப்புச் சொல்ல வேண்டியவன் நான். "விடுங்கப்பா, நடந்தது நடந்துபோச்சு" என்றேன். பெரிய மனுஷத்தனமான பேச்சு. அந்தப் பேச்சாலேயே அவர் குற்றவாளியாகிவிட்டார். எழுமலை நோட்டை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். மறுபடி அந்தப் படியேறவில்லை.

டீச்சர் வந்து, யார் சொன்னார்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாளிலிருந்து பள்ளிக்கு எழுமலையின் ஆட்டோவில் போக ஆரம்பித்தார். எவ்வளவு பெரிய மனசு என்று ஊர் வியந்தது. நானும் கூடச் சேர்ந்து வியந்தேன்.

இன்னொன்றும் ஆரம்பித்தது. வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு, "சார், உங்க வாக்கியம்?" என்று கேட்பார். இந்த மாவட்டத்தில் இருபத்திரண்டு வருடமாகப் பாடம் நடத்தியிருக்கிறேன் என்று ஒரு வாரம் சொன்னேன். மழையில் மலையைச் சுற்றி வந்திருக்கிறேன் என்று இன்னொரு வாரம். அவர் கேட்டுவிட்டு, "சரி, உண்மைதான்" என்பார். கதவைப் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுப்பார். 2004இல் சைக்கிள் கடைக்காரர் மாடியை வாடகைக்கு விடும்வரை இது நடந்தது. நான் ஒவ்வொரு வாரமும் உண்மையைத்தான் சொன்னேன். சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை.

டீச்சர் போன பிறகு, பழைய மாணவர்கள் ஒரு கூட்டம் போடுவதாகவும் அதில் நான் எழுதி வாசிக்க வேண்டும் என்றும் மூர்த்தி சொன்னார். நாலு பக்கம் எழுதினேன். நல்ல தமிழ், நிறையப் புகழ்ச்சி. வாசித்துப் பார்த்தபோது எனக்கே கூசியது. கிழித்துப் போட்டுவிட்டு அடி அண்ணாமலைக்கு பஸ் ஏறினேன்.

எழுமலை வாசலில் வண்டி கழுவிக்கொண்டிருந்தார். நான் உட்காரக்கூட இல்லை. "நான்தான் எழுமலை. அன்னைக்கு வெளியில சொன்னது நான்தான்" என்றேன். அவர் குழாயை மூடினார்.

"தெரியும் சார்."

நான் திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன்.

"மறுநாளே டீச்சர் எங்கிட்ட வந்தாங்க. நீ சொல்லலன்னு எனக்குத் தெரியும்னாங்க. யாருன்னு கேட்டேன். சார்தான், அவர் வீட்லேர்ந்துதான் சேதி கெளம்பியிருக்குன்னாங்க. நீ போய் எதுவும் கேட்டுக்கினு நிக்காத, அவரே ஒரு நாள் சொல்லுவாருன்னாங்க." கையைத் துடைத்துக்கொண்டார். "ஆஸ்பத்திரிக்குப் போறப்பகூட கேட்டாங்க சார். சார் உங்கிட்ட வந்தாரான்னு."

மூர்த்தி, லாட்ஜ் நண்பர், நர்சம்மா, அந்த மாடியில் அன்று இருந்த எல்லோருக்கும் சொல்கிறேன். எழுமலை சொல்லவில்லை. அவரிடம் நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தால், அதற்கும் நானே காரணம்.

டீச்சரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது ஒன்றுதான். நான் சொல்லிவிடுவேன் என்று அவர் வைத்திருந்த நம்பிக்கை. கடைசி மாலை மூச்சு வாங்கும்போதும் அவர் அதை விடவில்லை. அது வீண்போகவில்லை என்று காட்ட எனக்குப் பதினோரு வருடம் இருந்தது. அவர் போன பதினோராம் நாள்தான் காட்டினேன்.