தேயிலைக்குள் ஒளிந்த வகுப்பு

போன வாரம் என் கடை வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. டீசல் வாடை மூக்கில் ஏறியதுமே எனக்குச் சந்தேகம். இரண்டாம் வகுப்போடு நின்றவன்தான் நான். ஆனால் நமுனுகுலப் பக்கம் என் லொறியைத் தெரியாத ஆள் இருந்தால் காட்டுங்கள், பார்ப்போம்.

இறங்கியவர் பதுளை அலுவலகத்தில் தமிழ்ப் பள்ளிக்கூடங்களைப் பார்க்கிற அதிகாரி. "நாளைக்கு உங்க தோட்டத்து ஸ்கூல பாக்க வர்றேங்க. பிள்ளைங்க கொறைஞ்சிருந்தா வேற ஸ்கூலோட சேத்துருவாங்க" என்றார், சிரித்துக்கொண்டே. சிரிக்கிற அதிகாரியை நான் நம்புவதில்லை.

நான் சின்னப் பையனாக இருந்த அன்றைக்கும் இதே வாடைதான். தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம். கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போகிற பிள்ளைக் காம்பராவை ஒட்டி ஒற்றை அறைப் பள்ளிக்கூடம். ஜீப் சத்தம் கேட்டதும் லயத்து வீடுகள் முழுக்க ஒரே பேச்சு: "தல எண்ண வர்றானுங்க, கப்பலேத்தப் போறானுங்க!" அம்மா என்னைத் தேயிலைக்குள் தள்ளினாள். "மூச்சு விட்ட, கொன்னுருவேன்." பக்கத்துச் செடியில் ஒருத்தன் அட்டை கடித்து நெளிந்தான், அழவில்லை. அப்படி ஒரு கட்டுப்பாடு எங்களுக்கு!

காலி வாங்குப் பலகைகளுக்கு நடுவில் மாஸ்டர் மட்டும் நின்றார். "பிள்ளைங்க இருக்காங்க சார், நம்புங்க." வந்தவர் நம்பவில்லை. பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். என் படிப்பும் அதோடு சரி.

பிறகு பெரியவர்களாகிச் சண்டை போட்டுத் திரும்ப வாங்கினோம். கூரைத் தகரம் முழுக்க என் லொறியில் வந்ததுதான். கூலிகூட வாங்கவில்லை, கேட்டுப் பாருங்கள்.

அதிகாரியிடம் இதையெல்லாம் சொல்லி, "தமிழ்ப் பள்ளிக்கூடத்துல கை வச்சா சும்மா இருக்க மாட்டோம்" என்றேன். அவர் தேத்தண்ணியை ஊதிக்கொண்டே, "பேரப்பிள்ளைங்க இங்கதான படிக்குதுங்க?" என்றார்.

"பதுளையில, பெரிய ஸ்கூல்ல. ஏன் கேக்குறீங்க?"

"சும்மாதாங்க."

சும்மாவாவது! அந்தச் சொல் இன்னும் குடைகிறது.

மறுநாள் காலை ஜீப்புக்கு முன்பே போய்ப் பள்ளிக்கூட வாசலில் நின்றுகொண்டேன். முன்வரிசையில் கொஞ்சம் பிள்ளைகள். பின்னால் வெறும் வாங்குகள். எவனாவது கதை கட்டி ஒளிய வைத்திருப்பான் என்று தேயிலைக்குள் இறங்கி, செடி செடியாக விலக்கிப் பார்த்தேன். ஒரு தலையும் இல்லை. மேலே ரோட்டில் பதுளை வேன் ஹோன் அடித்துக்கொண்டு போனது. "தாத்தா!" என்று உள்ளேயிருந்து கை காட்டினார்கள். வேன் நிறையப் பிள்ளைகள்.