ஒருவரும் போடாத சுவிட்ச்

கம்பைலர் எழுதுகிறவளுக்கு எங்கள் ஆட்களிடையே பெரிய மரியாதை கிடையாது. கொலோன் நகரில் ஒரு கலியாண வீட்டில், தங்கச்சி என்ன வேலை செய்கிறீர் என்று ஒரு அக்கா கேட்டார். மனிதர் எழுதும் நிரலை இயந்திரத்துக்கு விளங்கும் கட்டளைகளாக மாற்றித் தரும் மென்பொருளுக்குக் கம்பைலர் என்று பெயர், அதைத்தான் நாங்கள் செய்கிறோம் என்று பொறுமையாகச் சொல்லி முடித்தேன். அவர் நன்றாகத் தலையாட்டிவிட்டு, "அப்ப எங்கட வீட்டுப் பிரிண்டரை ஒருக்கா வந்து பாக்க ஏலுமோ?" என்றார். போய்ப் பார்த்தேன். மை முடிந்திருந்தது. அந்தக் காலத்தில் என் படிப்பால் ஒரு மனுசிக்கு நேரடியாகப் பயன் விளைந்தது அன்றைக்கு மட்டும்தான்.

இந்தத் துறைக்கு நான் வந்தது அப்பாவால். நாங்கள் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கி அகதி மனு கொடுத்த பிறகு அப்பாவைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அப்பா நீளமாகச் சொன்னார். மொழிபெயர்க்க வந்தவர் சுருக்கமாகச் சொன்னார். பக்கத்தில் இருந்த எனக்கு அப்போது ஒரு சொல் ஜேர்மன் தெரியாது, ஆனால் நீளம் தெரியும். மனு நிராகரிக்கப்பட்ட பிறகுதான் என்னென்ன விடுபட்டது என்று விளங்கியது. மேன்முறையீட்டில் தப்பினோம். பல வருடம் கழித்துப் பல்கலைக்கழகத்தில் கம்பைலர் வகுப்பில் பேராசிரியர் முதல் நாளே ஒரு விதி சொன்னார். மொழிமாற்றத்தில் எதையும் விடக்கூடாது, விடுவதென்றால் அது தேவையில்லை என்று நிரூபித்துவிட்டுத்தான் விடலாம். இப்படியும் ஒரு நியாயமான உலகம் இருக்கிறதா என்று வியந்து, அதைக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வைத்தேன்.

என் முனைவர் ஆய்வு அந்த விதியின் மேலேயே எழுந்தது. ஒரு நிரலில் எந்தக் காலத்திலும் ஓடவே போகாத பகுதிகள் இருக்கும். யாரோ எப்போதோ ஒரு பயத்தில் எழுதி வைத்தவை. அவை ஓடாது என்று கணக்குப்படி நிரூபித்து, நிரூபித்ததை மட்டும் நீக்கும் ஒரு பகுதியை நான் கம்பைலருக்குள் எழுதினேன். நிரல் சிறிதாகும், வேகமாகும், பொருள் மாறாது. இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், ரூர் தொழிற்பகுதியில் ஒரு சிறிய நிறுவனம் என்னையும் அதையும் சேர்த்தே வேலைக்கு எடுத்தது. பிரேக், லிஃப்ட் போன்றவற்றுக்குள் இருக்கும் சின்னச் சின்னக் கணினிச் சில்லுகளுக்கு அவர்கள் கம்பைலர் செய்து விற்றார்கள். நானும் கணவரும் அதே பகுதியில் கெல்சென்கிர்ச்சன் என்ற ஊரில் வீடு எடுத்தோம். என் வேலை ஒரு நாள் உண்மையான இயந்திரங்களுக்குள் ஓடும் என்று நான் நம்பினேன். வேறு எதையும் நான் கேட்கவில்லை.

எங்கள் குழுத் தலைவர் நல்ல மனிதர். அதுதான் பிரச்சினையே. கெட்டவராக இருந்திருந்தால் சண்டை பிடித்திருப்பேன். இப்போதைக்கு இதை ஒரு சுவிட்சுக்குப் பின்னால், அதாவது கட்டளையில் ஒரு சொல் சேர்த்தால் மட்டும் வேலை செய்யும்படி வைப்போம், வேண்டிய வாடிக்கையாளர் போட்டுக்கொள்ளட்டும், அடுத்த வெளியீட்டில் எல்லோருக்கும் தானாகவே போட்டு விடலாம் என்றார். அடுத்த வெளியீடு வந்தபோது ரயில் பிரேக் செய்யும் வாடிக்கையாளர் மறுத்துவிட்டார். கம்பைலர் தரும் கட்டளைகளில் ஒன்று மாறினாலும் அவர்கள் முழுப் பரிசோதனையையும் முதலிலிருந்து செய்து அனுமதி வாங்கவேண்டும். அந்த ரயிலில் நானும்தான் போய் வருகிறேன், அவர்களைக் குறை சொல்லவும் வாய் வரவில்லை. அடுத்த வெளியீட்டில் பார்ப்போம் என்றார் தலைவர். அந்த வசனத்தை ஒவ்வொரு வருடமும் அதே கனிவோடு சொன்னார்.

முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் என் கணவருக்கு இது விளங்கவே இல்லை.

"உம்மட சாமான் ஒழுங்கா வேலை செய்யுதோ?"

"ஓம். பிழையில்லாமல் செய்யுது."

"பிறகென்ன?"

"ஒருத்தரும் போடுகினமில்லை."

"கண்டறியாத சுவிட்ச்! பேசாமல் நீரே போட்டு விடும். ஆருக்குத் தெரியப்போகுது?"

எல்லோருக்கும் தெரியும் என்றேன். எங்கள் தொழிலில் ஓர் எழுத்து இடம் மாறினாலும் எங்கோ ஒருவர் கண்டுபிடித்து மின்னஞ்சல் எழுதுவார். நான் செய்ததை மட்டும் ஒருவரும் கண்டுகொள்ளவில்லை.

ஒரு முறை நம்பிக்கை வந்தது. தெற்கிலிருந்து ஒரு லிஃப்ட் நிறுவனத்தின் பொறியாளர், என் சுவிட்சின் பெயரைச் சரியாக எழுதி, அதைப் பற்றித் தொலைபேசியில் பேசவேண்டும் என்று கேட்டிருந்தார். அன்று வேலை முடிந்து வரும் வழியில் ஆட்டிறைச்சி வாங்கினேன். தீபாவளிக்குக்கூட அப்படிச் சமைத்ததில்லை. மறுநாள் அவர் அழைத்தார். அந்தச் சுவிட்ச் உண்மையிலேயே போடப்படவில்லை என்பதை எப்படி உறுதி செய்வது என்பதுதான் அவர் கேள்வி. படிப்படியாக விளக்கினேன். இப்போதுதான் நிம்மதியாக இருக்கிறது என்று நன்றி சொன்னார்.

அந்தப் பத்தாண்டின் கடைசியில் நிறுவனம் கை மாறியது. வந்தவர்கள் கம்பைலரை இளைக்க வைக்கச் சொன்னார்கள். தலைவர் இரண்டு கோப்பை கோப்பியோடு என் மேசைக்கு வந்தார். ஒரு வாடிக்கையாளரும் பயன்படுத்தாத பகுதிகளை எடுத்துவிட வேண்டுமாம். உங்கள் பகுதியை உங்களைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இல்லை, நீங்களே எடுத்தால்தான் வேறெதற்கும் சேதம் வராது என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கு அந்தக் கோப்பியை அவர் தலையில் ஊற்றவேண்டும் போல இருந்தது. குடித்தேன்.

எடுக்கத் தொடங்கினேன். எங்கெங்கே ஒட்டியிருந்ததோ அங்கெல்லாம் ஒவ்வொன்றாகப் பிரித்தேன். ஆனால் மனதில் ஒரு ஆசை வைத்திருந்தேன். எங்களிடம் பெரிய பரிசோதனைத் தொகுப்பு ஒன்று இருந்தது. வாடிக்கையாளர்கள் காலங்காலமாக அனுப்பிய விசித்திரமான நிரல்கள் எல்லாம் அதற்குள் கிடந்தன. எதை மாற்றினாலும் அதில் ஏதாவது ஒன்று உடைந்து சிவப்பில் வரும், அது எங்களுக்குப் பழகிப்போன தலையிடி. ஒரே ஒரு சிவப்பு வரட்டும் என்று கேட்டேன். வந்தால், இதோ ஏதோ ஒன்று இதன்மேல் சாய்ந்துகொண்டு நின்றிருக்கிறது என்று தலைவரிடம் காட்டலாம், எடுக்காமல் விடச் சொல்லலாம். சாமிப் படத்துக்கு முன்னால்கூட நான் அப்படி உருகிக் கேட்டதில்லை.

பரிசோதனையை ஓடவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போனேன். திரும்பி வந்தபோது திரை முழுவதும் பச்சை. நம்பாமல் இன்னொரு தடவை ஓடவிட்டேன். அதே பச்சை. தலைவர் என் கதிரைக்குப் பின்னால் வந்து நின்று பார்த்தார். சுத்தமான வேலை என்றார். இந்த நாட்டில் அதற்கு மேல் பாராட்டு இல்லை. தேவையில்லை என்று நிரூபிக்காமல் எதையும் விடக்கூடாது என்று நம்பி வந்தவள் நான். நிரூபணம் என் கண்முன்னே இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது கணவர் மேசையில் சோறு போட்டுக்கொண்டிருந்தார்.

"எப்பிடி, முடிஞ்சுதோ?"

"ஓம். எடுத்துப்போட்டன். ஒண்டும் உடையேல்லை."

"அப்ப நல்லதுதானே," என்று சொல்லி, கறிச் சட்டியை என் பக்கம் தள்ளினார்.