மச்சானும் மாப்பிள்ளையும் ரெண்டு மேண்டலினும்

போன வாரம் தாம்பரம் மார்க்கெட்டில் ஒரு தள்ளுவண்டி நிறைய ரம்புட்டான். "குத்தாலம் பழம் சார்" என்றார் விற்பவர். எந்த ஊர்ப் பழமோ! எங்கள் பக்கத்து ஊர்ப் பேரைச் சொன்னால் நான் ஏமாறத் தயார் என்று முகத்திலேயே எழுதியிருக்கிறது போல. ஒன்றை உரித்தேன். அந்த முரட்டு முடி விரல்நுனியில் உறுத்தியதும் கம்பியை அழுத்திய நினைப்பில் இடதுகை விரல்கள் தாமாகவே கூசின. சொன்னால் சிரிப்பீர்கள்; ஒரு காலத்தில் நான் மேண்டலின் வாசித்தேன். அதாவது, வாசிப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

தென்காசியில் வேலைக்குச் சேர்ந்த புதிது. கிட்டார்தான் ஆசை. ஆனால் கிட்டாரோடு சுரண்டை பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் அதற்கும் டிக்கெட் போடுவார். மேண்டலின் கைக்குழந்தை மாதிரி மடியில் அடங்கும். அழுகையும் அப்படியேதான். கம்பிகள் ஜோடி ஜோடியாக இருக்கும். ஜோடியில் ஒன்று இம்மி இறங்கினாலும் பூனைச் சண்டை.

அந்த ஆடியில், மேண்டலின்காரர்களுக்கு மட்டும் குற்றாலத்தில் கிராமியப் பாட்டு முகாம், சனியும் ஞாயிறும் என்று வாட்ஸப்பில் வந்தது. ஐந்தருவி போகும் வழியில் ஒரு பழைய லாட்ஜின் கூடம். சாரல் எங்களுக்கு முன்னாலேயே உள்ளே வந்து உட்கார்ந்திருந்தது. கடைசிக் கம்பிக்குச் சுதி சேர்ப்பதற்குள் முதல் கம்பி இறங்கிவிடும். அரைநாள் அதிலேயே போயிற்று. வாசிக்கத் தெரியாதவனுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல்!

சொல்லித்தர வந்தவர்கள் இரண்டு பேர். சிவகிரி செல்லையா அண்ணாச்சி, புளியறை சங்கரண்ணன். அண்ணாச்சியின் தங்கை பேச்சியக்காளைத்தான் சங்கரண்ணன் கட்டியிருந்தார். மச்சானும் மாப்பிள்ளையும் ஒரே கச்சேரிக் குழுவில் வாசித்தவர்கள். ஒரு கோயில் கொடைத் திருவிழாவில் சங்கரண்ணன், "எங்க மச்சானுக்கு மட்டும் இன்னைக்குச் சுதி தனி" என்று மைக்கிலேயே சொல்லிவைக்க, கூட்டம் சிரித்துவிட்டது. அன்றைக்கு நின்ற பேச்சு, வருஷங்கள் ஓடியும் திரும்பவில்லை.

மற்றவர் வருவது இருவருக்கும் தெரியாது. முகாம் நடத்தியவர், பாவம், பேச்சியக்கா சொன்னபடி இருவரையும் கூப்பிட்டிருந்தார். சமையலைப் பார்த்துக்கொள்கிறேன் என்று அக்காளும் வந்திருந்தாள்.

பாடம் நடந்த அழகைக் கேளுங்கள். இருவரும் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் நான்.

"தம்பி, அந்தாள்ட்ட சொல்லு. கும்மிக்கு இம்புட்டு வேகம் ஆகாது. ஆடுத பொம்பளையளுக்கு மூச்சு வாங்கும்" என்பார் சங்கரண்ணன்.

நான் மறுபக்கம் திரும்பிச் சொல்வேன்.

"மூச்சு வாங்குனா ஓரமா உக்காரச் சொல்லுன்னு சொல்லு" என்பார் அண்ணாச்சி.

மேண்டலின் படிக்கப் போய்த் தபால்காரன் ஆனேன். ஒருமுறை அலுப்பில், அந்தப் பக்கம் கேட்காமலே, "'சரி'ங்காரு" என்று நானே பதில் சொல்லிவிட்டேன். "அவன் அப்படிச் சொல்ல மாட்டானே" என்று அண்ணாச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

சனிக்கிழமை சாயங்காலம் டீ கேட்டு அடுப்படிக்குப் போனபோதுதான் பேச்சியக்கா விஷயத்தைச் சொன்னாள். "ஆவணில எம்மவளுக்குக் கல்யாணம் தம்பி. தாய்மாமன் இல்லாம மணவறைல எப்படி உக்காருவா? அண்ணன், 'உம்மாப்ள வந்து கூப்பிடட்டும்'னுட்டாரு. இவரு, 'நான் போவ மாட்டேன்'ங்காரு." சொல்லிக்கொண்டே சாம்பாரில் இரண்டாம் தடவை உப்பைப் போட்டாள். அன்று ராத்திரி எல்லோரும் மோரைத் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கினார்கள்.

ஞாயிறு பிற்பகல் நிறைவுக் கச்சேரி. லாட்ஜில் தங்கியிருந்தவர்கள் தலையில் ஈரத்துண்டோடு வந்து உட்கார்ந்தார்கள். கரண்ட் போய்விட்டது. எங்கள் வாசிப்பை மழைச் சத்தம் பெருந்தன்மையோடு மூடிக்கொடுத்தது. முடிந்தது என்று எழப்போகும்போது, பேச்சியக்கா முந்தானையில் கையைத் துடைத்தபடி முன்னால் வந்து ஒரு நலுங்குப் பாட்டை எடுத்தாள். சங்கரண்ணன் பதறிப்போய்ப் பின்னாலேயே வாசித்தார். மாமன் சீர் கொண்டுவருகிற அடி வந்தது. அவர்கள் குழுவில் எப்போதும் அந்த அடி செல்லையா அண்ணாச்சிக்குத்தானாம். சங்கரண்ணன் கையை எடுத்துவிட்டார். அக்காள் வெறுங்குரலில் அதைப் பாடி நிறுத்தினாள். திரும்பவும் அதையே பாடினாள். குரல் உடைந்தது. அண்ணாச்சி விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சங்கரண்ணன் என் பக்கம் திரும்பினார். வழக்கம்போலக் காதைக் கொடுத்தேன். அவர் என்னைத் தாண்டிப் பார்த்து, "எடுங்க மச்சான்" என்றார்.

"எடுத்தா, சுதி தனின்னு மைக்குல சொல்லுவீரோ?" என்றார் அண்ணாச்சி.

"இங்கன ஏது மைக்கு?" என்றவர் தலையைக் குனிந்துகொண்டார். "நீங்க வராம எம்மவளுக்கு என்ன கல்யாணம் மச்சான்?"

அண்ணாச்சி மூக்கை உறிஞ்சினார். "சாரல் ஒத்துக்கிடல" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு மேண்டலினை எடுத்தார். அந்த ஒரு அடியையே விதவிதமாக வாசித்துக்கொண்டிருந்தார். பாட வேண்டியவள் அழுதுகொண்டு நின்றாள். விஷயம் தெரியாத ஈரத்துண்டுக்காரர்கள் பலமாகக் கைதட்டினார்கள்.

கல்யாணத்தில் தாய்மாமன் பட்டுவேட்டியும் மாலையுமாக நின்றார். பந்தியிலேயே இருவரும் ஏதோ ஒரு பாட்டைப் பற்றி நேருக்கு நேர் சண்டையை ஆரம்பித்துவிட்டார்கள். என் தபால் உத்தியோகம் போயிற்று.

அந்த லாட்ஜை இடித்துக் கார் நிறுத்துமிடம் ஆக்கிவிட்டார்கள். முகாம் நடத்தியவர் பெங்களூர் போய்விட்டார். என் மேண்டலினை மனைவி எங்கே போட்டாள் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. செல்லையா அண்ணாச்சி போன ஐப்பசியில் காலமாகிவிட்டார்.

பழத்தோடு வீட்டுக்கு வந்ததும் சங்கரண்ணனுக்குப் போன் போட்டேன். "வாசிக்கிறீங்களாண்ணே?"

"எங்க வாசிக்க, தம்பி? குத்தம் சொல்ல ஆளில்ல. கம்பியத் தொடவே தோண மாட்டேங்கு."

உள்ளேயிருந்து பேச்சியக்கா குரல் கேட்டது. "ஏன், நான் இல்லியா?"

"நீ என்னத்தடி சொல்லுவ?" என்றார் அவர். "நான் எத வாசிச்சாலும் நல்லாருக்குன்னுதான சொல்லுத."