பலா மரத்துக்காகக் கெஞ்சினேன்

எழுதப் பழகி மூன்று மாதம்தான் ஆகிறது. கோணல் எழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள், நண்பர்களே.

காய்க்காத பலாவை மிரட்டும் வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஒருவர் கோடாரியை ஓங்க, மற்றவர் "அடுத்த வருஷம் காய்க்கும், விடுங்க" என்று கெஞ்ச வேண்டும்.

இன்று காலை நான் ஓங்கினேன். கெஞ்ச வேண்டிய என் சம்சாரமோ கையை நீட்டினாள்.

"ஏழு வருஷமா தண்ணி ஊத்துனது நான். கெஞ்சுறதும் நானா? கோடாரிய இங்கிட்டுக் குடுங்க" என்றாள்.

வாங்கியவள் நிஜமாகவே அடிமரத்தில் ஒரு கொத்துக் கொத்தினாள். பதறிப்போய் மரத்தைக் கட்டிக்கொண்டேன்.

"ஆத்தா, மகராசி, ஒரே ஒரு வருஷம் பொறுத்துக்க!"

கோடாரியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள்.

"கல்யாணமாகி நாப்பது வருஷத்துல எங்கிட்ட இம்புட்டு நயமாப் பேசுனதே இல்லையே நீங்க!"

மரம் அடுத்த வருஷம் பதில் சொன்னால் போதும். இவளுக்கு நான் இன்றைக்கே சொல்லியாக வேண்டும். என்ன சொல்லலாம்? தெரிந்தவர்கள் உடனே எழுதுங்கள்.