வால்வில் கட்டிய மஞ்சள் கயிறு

கச்சிராயபாளையத்தில் என் அண்ணன் வண்டிகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் பட்டறை வைத்திருக்கிறார். பேச்சுப் போட்டிகளில் நான் பெற்ற கேடயங்கள் அங்கேதான், தின்னர் டப்பாக்களுக்கு மேல் அலமாரியில் இருக்கின்றன. விடுமுறை நாட்களில் நானும் இருப்பேன். கருத்துரைப்பது என் பொறுப்பு. எஞ்சிய வேலைகள் அண்ணனுடையவை.

அந்தப் புதன்கிழமை வெள்ளிமலை ஜீப் ஒன்றின் பானெட்டுக்குப் பெயிண்ட் அடித்தோம். காய்ந்தபோது பரப்பெங்கும் கடுகளவுக் கொப்புளங்கள். வெள்ளிக்கிழமை அதற்கு எஃப்.சி. தேதி, வண்டி ஓடத் தகுதியானதா என்று பார்க்கும் நாள். அதிகாரி திருப்பி அனுப்பினால் அடுத்த தேதி கிடைக்கும்வரை ஜீப் மலையேற முடியாது. ஓட்டுநருக்கு அதைத் தவிர வேறு பிழைப்பில்லை. அவர் பானெட்டை விரலால் தடவிப் பார்த்தார்.

“அம்மை போட்டாப்ல இருக்குதுங்க” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

காற்றோடு தண்ணீர் வந்து ஸ்ப்ரே கன் வழியாகத் தெறித்திருக்கிறது என்றார் அண்ணன். நான் எழுந்து நின்றேன். காற்று வரும் ஓஸ் குழாயின் இணைப்புகள் ஒவ்வொன்றும் சீறுகின்றன. காற்று கசிவதால் கம்ப்ரஸர் ஓய்வின்றி ஓடுகிறது. ஓய்வின்றி ஓடுவதால் சூடாகிறது. சூடான காற்று குழாயில் குளிர்ந்து நீராகிறது. ஆகவே குற்றவாளி இணைப்புகளே என்று நிறுவினேன். மறுத்துப் பேச எவரும் இல்லை. புது இணைப்புகள் வாங்கிவர அண்ணன் பேருந்துக்குக் காசு கொடுத்தார்.

கள்ளக்குறிச்சிக் கடைக்காரர் ஓஸின் உள்ளளவு என்ன, கன்னில் உள்ள திருகு மரை என்ன என்று இரண்டே கேள்விகள் கேட்டார். இணைப்பு எப்படி அமைய வேண்டும் என்பதை நான் விரிவாக எடுத்துரைத்தேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, பழைய துண்டைக் கழற்றிக்கொண்டு வரச் சொன்னார். பேருந்தில் திரும்பி, கழற்றி, மீண்டும் பேருந்தில் போனேன். இம்முறை உரை தேவைப்படவில்லை. கால் அங்குலப் பித்தளை நிப்பிள்கள், அவற்றுக்குப் பொருந்தும் கப்ளர், கிளிப்புகள், டெஃப்லான் டேப், தண்ணீரைப் பிரிக்கும் ஃபில்டர் ஒன்று.

வியாழக்கிழமை காலை எல்லாவற்றையும் மாட்டினோம். சோப்பு நுரை தடவிப் பார்த்தோம். ஒரு குமிழிகூட எழவில்லை. என் வாதம் மெய்யானது. அண்ணன் ஒரு பழைய தகரத்தில் அடித்துப் பார்த்தார். கொப்புளம். ஃபில்டரின் கண்ணாடிக் கிண்ணம் அதற்குள்ளாகத் தண்ணீரால் நிரம்பிவிட்டிருந்தது.

ஓட்டுநர் குத்துக்காலிட்டு கம்ப்ரஸர் டேங்கின் அடியைப் பார்த்தார்.

“தம்பி, அடியில மஞ்சக் கயிறு சுத்திக்கினு இருக்குதே, அது இன்னாங்க?”

டேங்கின் அடியில் தண்ணீரை வடிக்கும் வால்வு. அதன் பிடியில், திருப்ப முடியாதபடி சுற்றிய ஆயுத பூசைக் கயிறு. பட்டறையில் பூசைக் கயிற்றைத் தானாக இற்று விழும்வரை எவரும் அவிழ்ப்பதில்லை, அறுப்பதுமில்லை. கம்ப்ரஸரில் கயிறு கட்ட வாகான இடம் அது ஒன்றுதான். ஆகவே பூசை நாளிலிருந்து அந்த வால்வு திறக்கப்படவேயில்லை. தொழிலின் மேன்மை குறித்துச் சிற்றுரை ஆற்றி, அந்தக் கயிற்றைக் கட்டியவன் நான்.

அண்ணன் என்னைப் பார்த்தார். பூசைக் கயிறு, அவிழ்க்கக் கூடாது என்று மட்டும் ஓட்டுநரிடம் சொன்னேன்.

“அவுக்கக் கூடாதுன்னு சொல்றீங்க. வேற எடத்துல கட்டலாமில்ல?” என்றார் ஓட்டுநர்.

அதற்குத் தடையேதும் இருப்பதாக எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. அவர் கம்ப்ரஸரைத் தொட்டுக் கும்பிட்டு, முடிச்சை நகத்தால் மெல்லப் பிரித்து, கயிற்றைத் தம் ஜீப்பின் கண்ணாடியில் கட்டினார். அண்ணன் வால்வைத் திறந்தார். துருநிறத் தண்ணீர் பட்டறை வாசலைத் தாண்டிச் சாலைவரை ஓடியது.

பானெட்டைத் தேய்த்து மறுபடி அடித்தோம். மாலையில் அது வழவழவென்று காய்ந்திருந்தது. வெள்ளிக்கிழமை பிற்பகல் ஜீப் எஃப்.சி. முடித்து, கண்ணாடியில் கயிறு ஆட, பட்டறை முன்னால் வேகம் குறைத்தது.

“தம்பி, இன்னிக்குத் தண்ணி வுட்டாச்சா?”

விட்டாயிற்று என்றேன். ஜீப் மலைச்சாலைக்குத் திரும்பியது. நான் உள்ளே போய் வால்வைத் திறந்துவிட்டேன்.