மச்சான் நம்பருக்குப் போன ஓ.டி.பி.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், என்னிடம் ஏற்கெனவே இருக்கிற ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டை இன்னொரு தடவை காசு கொடுத்து வாங்கலாமா என்று லேப்டாப் முன்னால் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தேன். நாற்பதைத் தாண்டிய ஆளுக்கு இது ஒரு யோசனையா என்று கேட்டால், வெட்கம்தான். அதைவிடப் பெரிய வெட்கம் பின்னால் வருகிறது, பொறுங்கள்.

விளையாட்டு ரொம்பப் பழசு. காடு வெட்டி, வயல் போட்டு, கோட்டை கட்டி, எதிரியின் கோட்டையை இடிக்க வேண்டும். கல்யாணமான புதுசில் திருமங்கலத்தில் மாமனார் வீட்டுக்குப் போனால், யாரிடம் என்ன பேசுவதென்று தெரியாமல் ஃபேனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். என் மனைவியின் அண்ணன் அங்கே மோட்டார் பம்ப் கடை வைத்திருக்கிறார். ஒருநாள் கடையை அடைத்துவிட்டு வந்தவர், "என்ன மாப்ள, பொண்ணு பாக்க வந்தவன் மாதிரியே இன்னும் உக்காந்திருக்க? வா" என்று உள்ளறைக்குக் கூட்டிப் போய்க் கம்ப்யூட்டரைப் போட்டார். அத்தை சாப்பிடக் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்துபோனார். அதற்கப்புறம் அந்த வீட்டில் எனக்கு ஃபேனைப் பார்க்க நேரமே இருந்ததில்லை.

பிற்பாடு அதே விளையாட்டை மெருகேற்றி ஓர் ஆன்லைன் கடையில் விற்றார்கள். காசு போட்டது நான். கணக்கு மச்சானின் போன் நம்பரில். "ஒரே வீட்டு ஆளுகளுக்கு எதுக்கு ரெண்டு கணக்கு?" என்று சொன்னதும் நான்தான். புதுசாக ஒரு கம்ப்யூட்டரில் திறந்தால் அவர் போனுக்கு ஓ.டி.பி. போகும், கூப்பிட்டுக் கேட்டால் சொல்லுவார். அப்படியே வருசக்கணக்கில் ஓடியது. போன மாதம் என் லேப்டாப் படுத்துவிட்டது. எல்லாவற்றையும் அழித்துப் புதுசாக ஏற்றியதில், இனி அந்த ஓ.டி.பி. இல்லாமல் உள்ளே போக வழியில்லை. மச்சானும் நானும் பேசி ஆறு மாசமாகிறது.

எல்லாம் ஒரு பிளெக்ஸால் வந்த வினை. அலங்காநல்லூர்ப் பக்கம் எங்கள் குலசாமி கோயிலில் மகளுக்குக் காதுகுத்து வைத்தோம். மதுரைக்காரன் வீட்டில் பிளெக்ஸ் இல்லாமல் விசேஷமா? தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்துவார்கள், அன்றைக்கு அவர்தான் எல்லாம். பிளெக்ஸில் அவர் படம்தான் பெரிசாக இருக்க வேண்டும். இது தெரியாத மடையன் இல்லை நான். ஆனால் தல்லாகுளத்தில் இருக்கிற என் ஆபீஸின் மேலதிகாரி விசேஷத்துக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். உடனே எனக்குத் தலைகால் புரியவில்லை. அவர் படத்தை உச்சியில் போடச் சொன்னேன், பக்கத்தில் கைகூப்பியபடி நான். மச்சான் படத்தைக் கடைசியாகத்தான் அனுப்பினேன். வீட்டு ஆள்தானே, கோவிச்சுக்க மாட்டார் என்ற நினைப்பு. பிளெக்ஸ்காரர் மிச்சமிருந்த மூலையில், பந்தல் போட்டவர் படத்துக்குப் பக்கத்தில், ஸ்டாம்பு சைஸில் அவரை ஒட்டியிருந்தார். அடிப்பதற்கு முன்னால் எனக்கு அனுப்பிக் காட்டவும் செய்தார். நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, "சரிண்ணே, அடிங்க" என்றேன்.

மச்சான் சீர்த்தட்டுகளோடு, கொட்டு மேளத்தோடு வேனில் வந்து இறங்கினார். பிளெக்ஸை அண்ணாந்து பார்த்தார். கூட வந்த சனமும் பார்த்தது. மனுசன் நேரே உள்ளே போனார். பிள்ளையை மடியில் வைத்துக் காது குத்த வைத்தார், அழுதவளுக்கு மிட்டாய் கொடுத்தார், கொண்டுவந்த சீரை இறக்கி வைத்தார், பந்தியில் கை நனைக்காமல் வேன் ஏறிப் போய்விட்டார். தாய்மாமன் சாப்பிடாமல் போன காதுகுத்து என்று சொந்தத்தில் இன்னும் பேசுகிறார்கள். அந்த மேலதிகாரி வரவே இல்லை.

அன்று சாயங்காலமே ஒரு போன் போட்டிருந்தால் முடிந்திருக்கும். "அம்புட்டு ரோசமா உங்க அண்ணனுக்கு? முதல்ல அவரு பேசட்டும்" என்று மனைவியிடம் வீறாப்புப் பேசிவிட்டேன். அதிலிருந்து அவள் திருமங்கலம் போகவில்லை. அவளைப் போகாதே என்று நான் சொல்லவில்லை, போயிட்டு வா என்றும் சொல்லவில்லை. தங்கச்சிக்கு வீட்டில் சங்கடம் வரக் கூடாதென்று அவரும் கூப்பிடுவதில்லை. அண்ணன் வாட்ஸ்அப்பில் படம் மாற்றினால் அதைப் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்துக்கொண்டிருப்பாள். நான் கவனிக்காத மாதிரி பேப்பர் படிப்பேன்.

இந்த லட்சணத்தில்தான் வேறொரு ஆன்லைன் கடையில் அதே விளையாட்டு தள்ளுபடிக்கு வந்தது. என் விளையாட்டுப் பைத்தியம் தெரிந்த ஆபீஸ் தம்பி ஒருத்தரிடம், வாங்கலாமா என்று டீக்கடையில் வைத்துக் கேட்டேன்.

"உங்ககிட்டதான் ஏற்கெனவே இருக்குல்லண்ணே, எதுக்கு மறுபடி வாங்குறீக?"

"உள்ள போக முடியலப்பா."

"ஓ.டி.பி. போட்டா போயிரலாமே?"

"அந்த நம்பர் இப்ப இல்லப்பா."

சர்வசாதாரணமாக வந்துவிட்டது வாயிலிருந்து. திருமங்கலத்தில் உயிரோடு கடையில் உட்கார்ந்து பம்ப் விற்றுக்கொண்டிருக்கிற மனுசனைப் பற்றி. சீ, என்ன பிறவி நான் என்று தோன்றியது. பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பைத் திறந்தேன். புதுக் கடையில் பழைய இசையும் சேர்த்துத் தருகிறார்கள், கூடுதலாக நாலு கோட்டை இருக்கிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். கடைசியாக ஒரு நப்பாசை. பழைய கடையில் ஒருவேளை ஓ.டி.பி. கேட்காமலே விட்டுவிடுமோ என்று பாஸ்வேர்டைப் போட்டு அழுத்தினேன். எண் அனுப்பப்பட்டுவிட்டது என்று திரையில் வந்தது. பக்கத்தில் மச்சான் நம்பரின் கடைசி இலக்கங்கள்.

இந்நேரம் அவர் போன் சத்தம் கொடுத்திருக்கும், யாரென்று அவருக்குத் தெரிந்திருக்கும். திருடப் போன வீட்டில் விளக்கைப் போட்ட மாதிரி இருந்தது எனக்கு. அவசர அவசரமாக அந்தப் பக்கத்தை மூடினேன். அதே வேகத்தில் புதுக் கடைக்குப் போய், யோசிக்க இடம் கொடுக்காமல் காசைக் கட்டிவிட்டேன். விளையாட்டு இறங்க ஆரம்பித்தது.

அடுப்படியிலிருந்து மனைவி ஈரக்கையோடு போனைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள். "என்னங்க, அண்ணன் மெசேஜ் போட்டிருக்கு! ஏதோ நம்பரு. மாப்ளகிட்ட சீக்கிரம் குடுன்னு சொல்லுது. நீங்க பேசிட்டீங்களா? எப்பங்க பேசுனீங்க? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல பாத்தீங்களா!"

அப்படி மலர்ந்த முகத்தைப் பார்த்து ஆறு மாசமாயிருந்தது. ஆமாம் என்று சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் அவள் திரையைப் பார்த்துவிட்டாள். அந்த விளையாட்டின் படம் அவளுக்கும் தெரியும். புதுக் கடை, புதுக் கணக்கு, இறங்கிக்கொண்டிருக்கிறது. நான் முழுங்கி முழுங்கி எல்லாவற்றையும் சொன்னேன்.

கேட்டுக்கொண்டே கையைச் சேலையில் துடைத்தாள். "அப்ப, எங்க அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேக்கக் கூடாதுன்னுதான் காசு கட்டியிருக்கீங்க?"

"ம்."

"எம்புட்டு?"

சொன்னேன்.

"அம்புட்டுத்தானா?" என்றாள்.

திட்டியிருந்தால் திருப்பிக் கத்தியிருப்பேன், எனக்கு அது நன்றாக வரும். அவள் திட்டவில்லை. போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள். கதவு சாத்தியும் குரல் கேட்டது.

"அண்ணே... ஆமாண்ணே, நம்பர் வந்துருச்சு, உள்ள போயிட்டாக. நல்லாருக்கேண்ணே... இல்லண்ணே, அவுகதான் உன்கிட்டப் பேசச் சொன்னாக. அன்னைக்கு நடந்ததுக்கு ரொம்ப வருத்தப்படுறாக. தப்பு என் மேலதான்னு தெனமும் சொல்லிக்கிட்டே இருக்காக."

நான் ஒருநாள்கூடச் சொன்னதில்லை.