தோள் உயரத்தில் ஒரு கோடு

பெயின்டருக்கு 'ஏணி' என்று பெயர் வைத்தவன் அவருடைய மைத்துனன். ஆள் அவ்வளவு நெட்டை. மற்றவர்கள் ஸ்டூல் தேடும் இடத்தில் இவர் குதிகாலைச் சற்று உந்தினால் போதும், பிரஷ் சீலிங்கைத் தொட்டுவிடும். ஞாயிற்றுக்கிழமை கைப்பந்து ஆட்டத்திலும் வலைக்கு முன்னால் அவரைத்தான் நிறுத்துவார்கள். சீலிங் அவருக்கு, சுவர் மைத்துனனுக்கு. இதை இருவரும் பேசி முடிவு செய்ததில்லை. அப்படியே நடந்து வந்தது.

வலது தோள் முதலில் படுக்கையில்தான் முரண்டு பிடித்தது. அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை. பிறகு சட்டை மாட்டும்போது சுருக்கென்றது. பந்தை ஓங்கி அடித்தால் உயிர் போனது. சுளுக்குதான் என்று தைலம் தேய்த்துக்கொண்டு நாளைக் கடத்தினார். பிரஷைக் காதுக்கு மேலே கொண்டுபோக முடியாத அன்று மனைவி அவரை எலும்பு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டர் நிதானமான பெண்மணி. ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். தோளின் குழியில் கை எலும்பைப் பிடித்து நிறுத்தும் ஜவ்வு, மேலே துருத்தியிருக்கும் எலும்புக்கு அடியில் ஓர் இடுக்கு வழியாகப் போகிறது. கையைத் தலைக்கு மேல் தூக்கும்போதெல்லாம் அங்கே உராய்கிறது. பந்து வீசுகிறவர்களும் நீச்சல்காரர்களும் இதே தோளைத்தான் பிடித்துக்கொண்டு வருகிறார்களாம். இவருக்கு ஜவ்வில் பாதி இழை பிரிந்திருந்தது. ஊசி போட்டால் வீக்கம் வற்றும். அந்த நேரத்தில் ரப்பர் பட்டையை இழுத்துப் பயிற்சி செய்து தோளைத் தேற்ற வேண்டும். தான் சொல்லும்வரை கையைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது என்றார்.

"ஊசி வலியைத்தான் நிறுத்தும். கிழிசலைத் தைக்காது," என்று கிளம்பும்போது இன்னொரு தரம் சொன்னார்.

ஊசி நன்றாகவே வேலை செய்தது. அதுதான் வினையாகப் போயிற்று. ரப்பர் பட்டை கதவு ஆணியில் தொங்கியது. அதில் துண்டு காய்ந்தது. அடுத்த வாரம் ஒரு பள்ளிக்கூடத்தின் பெரிய கூடத்துக்கு வெள்ளையடிக்கக் கூப்பிட்டார்கள். அவர் ரோலரோடு சாரத்தில் ஏறினார். டாக்டர் என்ன சொன்னாங்க மாமா என்று கீழே நின்று மைத்துனன் கேட்டான்.

"வலிச்சா தூக்காதேன்னாங்க. வலிக்கல, தூக்குறேன். உனக்கென்னடா?"

டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. அது அவருக்கும் தெரியும். குழாய் கசிந்து ஓதம் ஏறிய சுவரின் மேல் பெயின்ட் அடித்துத் தரச் சொல்லும் வீட்டுக்காரர்களிடம், கறை மறையும், தண்ணி நிக்குமா, முதல்ல குழாயைப் பாருங்க என்று முகத்துக்கு நேரே சொல்கிற மனிதர் அவர். தன் தோள் விஷயத்தில் மட்டும் கறை மறைந்ததே போதும் என்று இருந்துவிட்டார்.

கூடத்தின் கடைசி மூலைக்கு ரோலரை நீட்டியபோது, தோளுக்குள் ஈரத்துணி கிழிவது போல ஏதோ விட்டுப்போயிற்று. பெரிய வலிகூட இல்லை. கை தானாகத் தொங்கியது. தூக்கிப் பார்த்தார், அது அவர் பேச்சைக் கேட்கவில்லை.

அப்போதாவது உடனே போயிருக்கலாம். டாக்டர் முகத்தில் எப்படி விழிப்பது என்று வெட்கப்பட்டு, எண்ணெய்க்கட்டு, ஒத்தடம் என்று மாதங்களை ஓட்டினார். கடைசியில் போனபோது டாக்டர் திட்டவில்லை. அறுந்த ஜவ்வு உள்ளே சுருங்கிவிட்டது, தசையும் வீணாகிவிட்டது, இனித் தைத்தாலும் நிற்காது என்றார்.

"இன்னொரு ஊசி போட்டா?" என்றார் பெயின்டர்.

"வலி இருந்தா போடலாம். கை மேல போகாதுங்க."

திரும்பி வரும் வழியில் அவர் மனைவியிடம், ஏணி இப்ப ஸ்டூலாயிடுச்சு என்றார். அவள் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அவருடைய சட்டையை முதலில் இடது கையிலிருந்து உருவி, பிறகு வலது கையை ஒரு பொருளைப் போலத் தாங்கிப் பிடித்துக் கழற்றினாள்.

இப்போது சீலிங்கும் சுவரின் மேல்பாதியும் மைத்துனனுக்கு. தோளுக்குக் கீழே உள்ளது அவருக்கு. இருவர் பூசும் சுவரில் ஒட்டுத் தெரியக் கூடாது. கீழே பூசியதன் மேல் ஓரம் காய்வதற்குள் மேலே இருப்பவன் இறங்கி வந்து சேர்க்க வேண்டும். மேலே வேலை அதிகம். மைத்துனனால் ஈடுகொடுக்க முடியவில்லை. மெதுவாப் போங்க மாமா என்றான். அவர் மெதுவாகப் போனார். அப்படியும் ஓரம் காய்ந்துவிட்டது.

மறுநாள் ஜன்னலைத் திறந்ததும் பக்கவாட்டில் வெயில் விழுந்தது. சுவரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, சரியாக அவர் தோள் உயரத்தில், ஒரு கோடு தெரிந்தது.

"இன்னொரு கை பெயின்ட் அடிச்சா மறைஞ்சிடும், மாமா."

"மறையும்," என்றார் அவர். பிரஷை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, குனிந்து, தரையோரத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தார்.